பூனைக்குப் பாலும் சோறும் போதுமா? வீட்டுப் பிராணிகளின் உணவும் பராமரிப்பும்

நம் வீடுகளில் பூனைக்கு எப்போதும் இடம் உண்டு. மீன் கழுவும் நேரத்துக்குச் சரியாகக் கொல்லைப்புறத்தில் வந்து நிற்கும். தொழுகைப் பாயில் சுருண்டு படுத்துக்கொள்ளும். யாரும் அதை விரட்டுவதில்லை. பூனை அசுத்தமான பிராணி அல்ல, நம்மைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும், உளூவுக்கு வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்கட்டும் என்று அபூ கத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம்.

பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்டதால் வேதனைக்கு ஆளான பெண்ணைப் பற்றிய ஹதீஸும் நாம் அறிந்ததே. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது உள்ளது. அதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் மீது சொல்லப்படும் குற்றம் இரண்டு. அவள் உணவு கொடுக்கவில்லை. பூமியில் திரியும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்ன அதை விடவும் இல்லை. ஆக, ஒரு பூனை வாழ வழி இரண்டு: நாம் உணவளிப்பது, அல்லது அது தானே வேட்டையாடுவது.

நம் பாட்டிமார் காலத்தில் பூனைக்கு இரண்டும் கிடைத்தன. நாம் போட்ட பால்சோறு அதற்குக் கொசுறுதான். எலி, பல்லி, ஓணான், வெட்டுக்கிளி என்று அது தேடிக்கொண்டதே உண்மையான சாப்பாடு. இன்று மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தி வளர்க்கிறோம். வேட்டை நின்றுபோனது, கொசுறு மட்டும் மிஞ்சியது. வயிறு நிறைந்து, உடல் வாடும் பூனைகள் இப்படித்தான் உருவாகின்றன. வேட்டையை நாம் நிறுத்திவிட்ட பிறகு, அதன் முழு உணவுக்கும் பொறுப்பு நம்முடையது.

பூனைக்கு எது இயற்கை உணவு?

பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. நாய் அப்படி அல்ல, சோறு, காய், இறைச்சி எல்லாவற்றையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பூனைக்குச் சில சத்துகள் இறைச்சியிலிருந்து மட்டுமே கிடைக்கும். அவற்றில் முக்கியமானது டாரின். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-இல் கண்டறிந்தார்கள். இதயத் தசை பலவீனமாகிப் பெரிதாவதற்கும் இதே குறைபாடு காரணம் என்பது 1987-இல் தெரியவந்தது. அதன் பிறகே பூனைத் தீவனங்களில் டாரின் அளவை உயர்த்தினார்கள். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-வை உண்டாக்கிக்கொள்ளவும் பூனையால் முடியாது. அதையும் இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். எனவே "எங்கள் பூனை சைவம்" என்று பெருமைப்படுவதும், விலை குறைவு என்று நாய்த் தீவனத்தைப் பூனைக்குப் போடுவதும் தவறு.

பால் விஷயத்துக்கு வருவோம். குட்டியாக இருக்கும்போது பாலைச் செரிக்கும் சக்தி, வளர்ந்த பிறகு பல பூனைகளிடம் குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், பிறகு வயிற்றுப்போக்கு. தாயில்லாத சின்னக் குட்டிக்கும் பசும்பால் ஈடாகாது. பூனைக்குட்டிகளுக்கென்றே உள்ள பால்பவுடர் கடைகளில் கிடைக்கிறது. குட்டி நாலு வாரத்துக்குக் குறைந்ததென்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, குப்புற வைத்தே கொடுக்க வேண்டும். குழந்தைபோல் மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் உடம்பைச் சூடாக்கி, அதன் பிறகே பால். சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது.

மீன்? கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கசக்கும்: மீன் மட்டுமே கொடுப்பது நல்லதல்ல. சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். ஆனால் எண்ணெய் மிகுந்த மீனையே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, உடலின் கொழுப்புத் திசுவில் வலியுள்ள வீக்கம் வரும். வாரத்தில் ஓரிரு நாள் முள் நீக்கிய மீன், மற்ற நாளில் கோழி என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்பவர்கள் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் கோழி இறைச்சியை வேகவையுங்கள். கோழியின் இதயம் டாரின் நிறைந்தது, கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சத்தில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கும். ஈரல் சிறிதளவு போதும். தினமும் ஈரலே கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இப்படிச் செய்தும் வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது. ஆகவே பூனைக்கான முழுமையான தீவனத்தை அடிப்படையாக வைத்து, வீட்டு இறைச்சியைத் துணையாகச் சேர்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய வீட்டுப் பூனை, வறண்ட நிலத்து ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. இரையிலுள்ள ஈரத்திலேயே காலம் தள்ளிப் பழகியதால் தாகம் குறைவு. உலர் தீவனம் மட்டும் தின்னும் பூனைக்கு நீர் போதாமல் போகலாம். குறிப்பாக ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கைவைத்தியம் நஞ்சாகும் இடங்கள்

"இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நமக்கு மருந்தாவது பூனைக்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை. பல பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் மிக மெதுவாகவே செய்யும்.

வெங்காயமும் பூண்டும் பூனை, நாய் இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். பூண்டின் வீரியம் அதிகம். வதக்கினாலும் பொடியானாலும் நஞ்சு போகாது. சில நாள் கழித்தே சோர்வும் ஈறு வெளுப்பும் தெரிவதால் காரணம் பிடிபடுவதில்லை. நோன்புக் கஞ்சியின் மிச்சம், பிரியாணிச் சோறு, சால்னாவில் ஊறிய எலும்பு எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. ஸஹருக்கு எழும்போது பூனையும் கூடவே எழுந்து கேட்கும்தான். அதற்கென்று இரண்டு துண்டு இறைச்சியை மசாலா போடுமுன்னே எடுத்துவைப்பது பெரிய வேலை அல்ல.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது இதைவிடக் கொடியது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளின் சிரப்பும் அதே மருந்துதான். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக மண்ணெண்ணெய், சூடம் கலந்த எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் தடவுகிறார்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும், தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. அது பட்ட பூனை நடுங்கி வலிப்பு வந்து சாகலாம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் பினாயில், கிருமிநாசினிகளும் அப்படியே. தரையைத் துடைத்தால் நன்றாகக் காயும்வரை பூனையை உள்ளே விடாதீர்கள், அவற்றால் அதைக் குளிப்பாட்டவும் கூடாது.

நாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட். பாயசத்திலும் பிரியாணியிலும் கிஸ்மிஸ் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு நாளாக எதையும் தின்னாத பூனையை, குறிப்பாகக் கொழுத்த பூனையை, "பசித்தால் தானே தின்னும்" என்று விடக்கூடாது. ஈரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை மோசமாகிவிடும்.

இனப்பெருக்கமும் பெர்சியன் மோகமும்

பெண் பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே கருத்தரிக்கலாம். சுமை ஏறக்குறைய ஒன்பது வாரம். நாலைந்து குட்டி வந்ததும் அட்டைப்பெட்டியில் வைத்து மீன் மார்க்கெட் வாசலில் விட்டுவருகிறார்கள். வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு அங்கே வேட்டையும் தெரியாது, தெருவும் தெரியாது. கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் அந்த முடிவைப் பூனை வீட்டுக்கு வரும்போதே எடுத்துவிட வேண்டும், குட்டி போட்ட பிறகல்ல.

பெர்சியன் பூனை வாங்கும் வழக்கம் நகரங்களில் பெருகிவிட்டது. சப்பை மூக்குக்கு மூச்சு திணறும், கண்ணீர் வடியும், நம் ஊர் வெயிலை அது தாங்காது. தினமும் சீவாவிட்டால் முடி சிக்கி தோல் புண்ணாகும். தெருவில் பிறந்த நாட்டுப்பூனை இந்தத் தொல்லை எதுவுமில்லாமல் வளரும்.

நாயும் குர்பானியும்

நாயை வீட்டுக்குள் வைப்பது பற்றியும் அதன் எச்சில் பற்றியும் உள்ள சட்டங்களை நம்மவர்கள் அறிவார்கள். தோப்பு, ஆடு, வயல் காவலுக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. காவலுக்கு என்று குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்க வெயிலில் கட்டிப்போடுவதற்கு எந்த அனுமதியும் இல்லை. நிழல், நாள்தோறும் மாற்றிய தண்ணீர், அவிழ்த்துவிடும் நேரம் மூன்றும் வேண்டும். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம்.

வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், நாய்க்கும் பூனைக்கும் அதைப் போடாதீர்கள். குர்பானி நாளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில வேளை நீர்க்கட்டிகள் தென்படும். அதைத் தூக்கி நாய்க்கு எறிவது வழக்கம். அந்தக் கட்டியில் ஒரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். நாயின் குடலில் அது வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண், தண்ணீர், கீரை வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்குள் போகும். பல ஆண்டு கழித்து அதே போன்ற கட்டி மனிதனின் ஈரலில் வளரும். அத்தகைய உறுப்பை எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

தடுப்பூசியில் தாமதம் வேண்டாம். மூன்று மாதம் நிறைந்ததும் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். குடற்புழு மருந்தும் அப்போதே கேட்டு வாங்கலாம். பூனை மலம் கழிக்கும் மண்தட்டை தினமும் சுத்தம் செய்யுங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணிகளிடம் விடாமல் வேறொருவர் செய்யட்டும். பூனை கீறினாலும் வெறிநோய் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடியோ கீறலோ பட்டால் மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.