கடனுக்கும் ஒரு கரை உண்டு

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இருபொருள் உடையது. ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். அவன் பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். காலைக்கடன், பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்பன முதற்பொருளில் வந்தவை. கைக்கடன், வட்டிக்கடன், அடகுக்கடன் என்பன இரண்டாம் பொருளில் வந்தவை. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதனால், வாங்கிய பணத்தைத் திருப்ப இயலாதவன் பொருளில் மட்டுமன்றி அறத்திலும் தவறியவன் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ ஊறிவிட்டது. அவ்வாறு வீழ்ந்தவனைத் தமிழகத்தார் ‘மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டான்’ என்பர். மலேசியத் தமிழர் ‘திவால்’ என்பர். சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகள் ‘நொடிப்பு’ என எழுதும். சொற்கள் வேறாயினும் அவற்றைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுவது எங்கும் ஒன்றே.

கடனுக்கு ஒரு முடிவு உண்டா, அம்முடிவை விதிப்பவர் யார் என்னும் வினா நம் வரலாற்றில் எவ்வாறு விடை பெற்றது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சோழர் காலத்தை நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பல, கோயிற்பணம் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இதனைப் ‘பொலிசை’ என்றனர். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முதலைத் திருப்பித் தரவேண்டிய நாள் அக்கடன்களுக்கு இல்லை. சந்திரரும் சூரியரும் உள்ளளவும் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கவேண்டும். வாங்கியது ஊர்ச்சபை, ஊருக்கு இறப்பில்லை. எனவே முடிவில்லாத கடன் அங்கே பொருந்திற்று. தனி மனிதனுக்கு வாழ்நாள் சிறிது. அவன் கையில் பொருள் அற்றபோது நேர்ந்ததையும் கல்வெட்டே கூறுகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், பஞ்சத்தின் கொடுமை தாளாது வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். பொருள் இல்லாதவன் தன் உடலையே விலையாகத் தந்த காலம் அது.

ஆயினும், வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் கருத்து பண்டை இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. ஒரே முறையில் தண்டப்படும் வட்டி முதலின் அளவை மிஞ்சலாகாது என்று மனுநூல் விதிக்கிறது. ‘தாம்துபட்’ எனப்பட்ட இவ்விதியைப் பிற்காலத்தில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்றன. சென்னை மாகாணத்தில் ஏற்கவில்லை. கடல் கடந்து சென்ற தமிழன் அந்தக் காப்பும் இன்றியே சென்றான்.

சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறே ஒரு கடனாளியின் வரலாற்றோடுதான் தொடங்குகிறது எனலாம். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸுடன் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் பினாங்கிலிருந்து வந்திறங்கியவர் நாராயண பிள்ளை. அவர் முதலிற் செங்கற்சூளை வைத்தார். பின்னர்க் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை திறந்தார். சரக்குகளைக் கடனுக்கு எடுத்திருந்தார். 1822இல் கடை தீக்கிரையாயிற்று. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் நின்றது. அவர் இரவோடிரவாகப் பினாங்குக்குக் கப்பலேறியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கடன் கொடுத்தவர்களிடமே சென்று தவணை கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் திரும்பி வந்த ராபிள்ஸும் கைகொடுத்து, வணிகச் சதுக்கத்தில் அவருக்கு இடம் கிடைக்கச் செய்தார். ஐந்தாண்டு கழித்து, 1827இல், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் அத்தாப்பாலும் மாரியம்மன் கோயிலை எழுப்பியவர் அந்த நாராயண பிள்ளையே.

இவ்வரலாற்றைப் பள்ளிகளிற் சொல்லும் நாம் கோயிலைச் சொல்கிறோம், கடனை விட்டுவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை. அவர் மீண்டதற்குக் காரணம் இரண்டு. தம் நிலையை மறைக்காமல் வெளியிட்டது ஒன்று. கடன் கொடுத்தோர் காலம் தந்தது மற்றொன்று. இரண்டாவதற்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை. பெரிய மனிதர் ஒருவரின் தயவு இருந்தது. எல்லாக் கடனாளிக்கும் ஒரு ராபிள்ஸ் வாய்ப்பாரா? வாய்க்கமாட்டார். அதனாலேதான் தயவு செய்ததைச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று.

நாராயண பிள்ளைக்குப் பின் கடன் என்றவுடன் நினைவுக்கு வருவோர் நாட்டுக்கோட்டை நகரத்தார். மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் பெட்டகமும் கணக்கு மேசையுமாக அமர்ந்து அவர்கள் தொழில் நடத்தினர். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை அமைத்தனர். நகர மறுசீரமைப்பில் 1970களில் அக்கிட்டங்கிகள் மறைந்தன. அவர்கள் கணக்குமுறையில் ‘ஐந்தொகை’ என்பது தலையாயது. வரவும் செலவும், கொடுத்ததும் வாங்கியதும் ஒரே ஏட்டில் நேர்நின்று கடையின் உண்மை நிலையைக் காட்டும் கணக்கு அது. வெளிநாட்டுக் கடையின் முகவர் அதனை எடுத்துச் செட்டிநாட்டிலுள்ள முதலாளிக்கு அனுப்புவார். அதில் ஒளிப்பதற்கு இடமில்லை.

கடன் வசூலாகாமற் போனால் கொடுத்தவருக்கும் நலமில்லை என்பதற்கு அவர்களே சான்று. 1930இல் அரிசி விலை வீழ்ந்தபோது கீழ்ப் பர்மா உழவர்கள் கடன் கட்ட முடியாமல் நிலத்தைத் தந்தனர். அப்பத்தாண்டு முடிவதற்குள் அங்குள்ள முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம். போர் மூண்டு ஜப்பானியர் புகுந்தனர். பின்னர் 1948இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. நிலமும் போயிற்று.

தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே கடன் ஆளைக் கட்டும் கயிறாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன கங்காணியும் அவர் ஆட்களும் இவ்வளவு கடனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவர் என்று அதில் துரை எழுதித் தருவார். வேறு தோட்டத் துரை அத்தொகையைக் கட்டி அவர்களை அழைத்துக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை; ஒரு தோட்டப் பேரேட்டிலிருந்து இன்னொரு தோட்டப் பேரேட்டுக்கு நகர்ந்தது, அவ்வளவே. 1921இல் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழித்தனர். மலாயாவில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. கப்பற்கூலியை முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்தே கொடுத்தமையால், அதன் உதவியில் வந்த தொழிலாளி கரையிறங்கும்போதே கடனாளியாக இறங்கும் நிலை மாறிற்று.

இனி, மேனாட்டார் இதற்குக் கண்ட வழியைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1542இல் தோன்றிய முதல் நொடிப்புச் சட்டம் கடனாளியைக் குற்றவாளியாகவே நடத்திற்று. 1705இல் இயற்றிய சட்டமே, சொத்தை ஒளிக்காது ஒப்படைத்த வணிகனுக்கு மீதிக் கடனிலிருந்து விடுதலை தந்தது. வணிகரல்லாதார்க்கு அவ்வழி 1861இல்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எளியவர்க்குக் கிடைத்தது சிறை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவரான டிக்கன்ஸ் செருப்பு மைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். சென்னையில் 1906இல் அர்பத்னாட் வங்கி முறிந்து பல்லாயிரவர் சேமிப்பு அழிந்தது. 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான நொடிப்புச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 1888ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, நீரிணைக் குடியேற்றங்களுக்கான நொடிப்புச் சட்டம் ஏற்பட்டது. 1995இல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது; 2020 முதல் அதுவும் விரிவான வேறொரு சட்டத்தினுள் அடங்கிற்று.

இவ்வளவும் பழங்கதையன்று. நான் பணிபுரியும் தோட்டப் பள்ளியிற் படித்த மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் பட்டம் பெற்று அங்கேயே வேலையில் அமர்ந்தவர். பட்டத்தோடு படிப்புக் கடனும் வந்தது. கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கிடைக்கும் அக்கடனுக்குப் படிக்குங்காலத்தில் வட்டியில்லை. படிப்பு முடிந்தபின் வட்டி உண்டு. தங்கை திருமணம், தந்தையின் மருத்துவம் என ஒன்றன்பின் ஒன்றாக வர, கடன் அட்டைகள் இரண்டு மூன்றாயின. ஓர் அட்டையின் பாக்கியை இன்னோர் அட்டையால் அடைத்தார். ‘ஐயா, நான் நொடிப்புக்கு மனுச் செய்தால் நம் ஊரில் அப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?’ என்று எனக்கு எழுதினார். சட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவருக்கு முதலில் ஒரு கணக்கை எழுதி அனுப்பினேன். ஆண்டுக்கு 26 விழுக்காடு வட்டி, வட்டிக்கும் வட்டி எனக் கொண்டால், கட்டாமல் விட்ட 10,000 வெள்ளி மூன்றே ஆண்டில் 20,000 வெள்ளியாகும். இராசராசன் காலத்து அரைக்கால் வட்டியில் அந்த அளவு சேர எட்டாண்டு செல்லும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்கு 2015 முதல் மாதம் 4 விழுக்காடே உச்சவரம்பு. வட்டி, தாமத வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் முதலை மிஞ்சலாகாது. மனுநூலின் பழைய விதி அங்கே புதுச் சட்டமாக நிற்பது வியப்புக்குரியது. உரிமமற்றவனிடம் சென்றாலோ இவ்வரம்பு எதுவும் இல்லை; வீட்டுச் சுவரில் சாயம் பூசி அவமானப்படுத்துவதே அவன் வசூல்முறை. அவமானத்துக்கு அஞ்சி மறைப்பவன் கடைசியில் அவமானத்தையே ஆயுதமாகக் கொண்டவனிடம் போய்ச் சேர்கிறான்.

சட்டத்தின் வழி எத்தகையது? 15,000 வெள்ளிக்குக் குறையாத கடனைக் கட்ட இயலாதவரை நீதிமன்றம் நொடித்தவரென அறிவிக்கலாம். 2016 முதல் இத்தொகை நடப்பில் உள்ளது. அரசாங்க அதிகாரி ஒருவர் அவருடைய சொத்துப் பொறுப்பை ஏற்று, வருமானத்தையும் குடும்பச் செலவையும் நோக்கி, மாதந்தோறும் கட்டவேண்டிய தொகையை வகுப்பார். மத்திய சேம நிதியையும், சிங்கப்பூர்க் குடிமகன் உரிமையாளராக உள்ள வீவக வீட்டையும் பொதுவாகக் கடன் கொடுத்தோர் தொட முடியாது. முதன்முறை நொடித்தவர் ஒழுங்காகக் கட்டிவந்தால் மூன்றாண்டிலிருந்து ஏழாண்டுக்குள் விடுதலை பெற வழியுண்டு. வரையறுத்த தொகையை முழுதும் கட்டியவர் பெயர் விடுதலைக்குப் பின் ஐந்தாண்டில் பொதுப் பதிவிலிருந்தும் நீங்கும். இதற்கு விலையும் உண்டு. அனுமதியின்றி வெளிநாடு செல்லலாகாது. நிறுவன இயக்குநராக இருக்கலாகாது. ஜொகூர்ப் பாலத்துக்கு இப்பால் பெற்றோர் இருக்கையில், ஒவ்வொரு தீபாவளிக்கும் அனுமதி கேட்டு வருவது எளிதன்று.

அந்த விலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஜே. பி. ஜெயரத்தினம் சான்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த தமிழரான அவர், அவதூறு வழக்கின் இழப்பீட்டுத் தவணை தவறியதால் 2001இல் நொடித்தவராக அறிவிக்கப்பட்டு நாடாளுமன்ற இடத்தை இழந்தார். பின்னர்த் தெருவோரம் நின்று தம் நூல்களை விற்றார். 2007இல் 233,000 வெள்ளிக்கு மேல் செலுத்தி விடுதலை பெற்றார். மறு ஆண்டு புதுக் கட்சி தொடங்கினார், அவ்வாண்டே மறைந்தார். அவர் அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆயினும், எண்பது வயதில் ஒருவர் அந்நிலையினின்று மீண்டு வந்ததை யாரும் மறுக்க இயலாது.

நொடிப்பு முதல் மருந்தும் அன்று. கடன் ஆலோசனை நிலையங்கள் வாயிலாக வங்கிகளோடு தவணை பேசலாம். நிலையான வருமானமும், 150,000 வெள்ளிக்கு மேற்படாத ஈடில்லாக் கடனும் உடையவர், நொடித்தவர் என்னும் பெயரெடுக்காமலே ஐந்தாண்டுக்குள் கட்டி முடிக்க 2009 முதல் தனித் திட்டம் ஒன்று உண்டு. இவற்றுள் எதனை நாடினும் முதலிற் செய்யவேண்டியது ஒன்றே: யாருக்கு எவ்வளவு, மாத வரவு என்ன, செலவு என்ன என்று ஒளியாமல் ஒரு தாளில் எழுதவேண்டும். நகரத்தார் எடுத்த ஐந்தொகையும் அதுவே. நாராயண பிள்ளை கடன்காரர் முன் சொல்லியதும் அதுவே.

என் மாணவர் அத்தாளை எழுதினார். 60,000 வெள்ளிக்கு மேல் வந்தது. அதைத் தம் தந்தையிடமும் காட்டினார். இன்று தவணைத் திட்டத்தில் இருக்கிறார். திட்டம் தவறினால் நொடிப்பு மனுவுக்கும் அணியமாக உள்ளார்.

தமிழாசிரியர்களுக்கு இதில் இரு பணிகள் உண்டு. வட்டிக் கணக்கைத் தேர்வுக்கான கணக்காக மட்டும் நடத்தாமல், கடன் அட்டைத் தாளையே வகுப்புக்குக் கொண்டுசென்று கற்பித்தல் ஒன்று. நாராயண பிள்ளையின் கோயிலைச் சொல்லும்போது எரிந்த கடையையும் சொல்லுதல் மற்றொன்று. கடனைத் தீர்க்க முயல்வது கடமை; இயலாதபோது அதனைச் சான்றோரறியச் சொல்லிச் சட்டத்தின் வழியே முடிவு காண்பதும் கடமையே. ‘கடன்’ என்னும் சொல்லின் இருபொருளும் அங்கே ஒன்றுபடுகின்றன.