சதுரங்க வீரர் மானுவல் ஆரோன்

சதுரங்கம் பாரத நாட்டிற் பிறந்த விளையாட்டு என்று பெருமை பேசுவதில் நாம் எவருக்கும் பின்னின்றதில்லை. மன்னார்குடிக்கு அணித்தாயுள்ள திருப்பூவனூரிலே எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசிளங்குமரி ஒருத்தியைச் சதுரங்கத்தில் வென்று சிவபெருமான் மணம் புரிந்தார் என்பது அத்தலத்துக் கதை. பெருமை இருக்கட்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக அரங்கிலே நம்மவர் எங்கே நின்றனர்? பஞ்சாபியரான சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானியச் சாம்பியனாக விளங்கினார். அவர் ஊர் திரும்பியதோடு அந்தச் சுடரும் அவிந்தது.

ஆட்டச் சட்டமே முதல் தடை. நம் நாட்டு முறையிலே காலாள் எப்போதும் ஒரு கட்டந்தான் நகரும்; அரசன் ஒருமுறை குதிரை போலப் பாயலாம். ஐரோப்பிய முறை வேறு. ஆட்டத்தின் முதற் பத்து நகர்வுகளைப் பற்றியே அங்கு நூல் நூலாக எழுதி வைத்திருந்தனர். ஹங்கேரி நாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். சனத்தொகை ஏறத்தாழ ஒரு கோடிதான். ஆயினும் காப்பிக் கடைகளிற்கூடப் பலகை விரித்து ஆடிய நாடு அது. 1927இல் இலண்டனில் நடந்த ஒலிம்பியாட்டில், கேசா மரோட்சி முதற் பலகையில் அமர்ந்து ஆட, ஹங்கேரியே வென்றது. அடுத்த ஆண்டும் அதுவே வென்றது. உலகச் சம்மேளனம் 1950இல் முதன்முதலாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிய 27 பேரில் மரோட்சியும் ஒருவர்.

இத்தகைய மலைகளுடன் மோதப் புறப்பட்டவர் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவிற் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். உலக முறையைத் தம் முறையாக்கிக் கொண்டு, 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை இந்தியச் சாம்பியனானார். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாட்டில், முன்னாள் உலகச் சாம்பியன் மக்ஸ் யூவேயை வீழ்த்தினார். மறு ஆண்டு அவுஸ்திரேலியரான செசில் பேர்டியை வென்று, சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

1962இல் ஸ்டொக்ஹோமில் 23 பேர் ஆடிய பெரும் போட்டி. பொபி பிஷர் முதலிடம். நம் ஆரோன் கடைசி இடம். 22 ஆட்டங்களில் நாலே புள்ளிகள். பட்டியலை மட்டும் பார்ப்பவன் நகைப்பான். ஆனால் அந்தப் புள்ளிகள் யாரிடமிருந்து வந்தன? கிழக்கு ஜேர்மனியின் உல்மான் தோற்றார். மரோட்சியின் நாட்டிலிருந்து வந்த கிராண்ட் மாஸ்டர் லாயோஸ் போர்ட்டிஷும் தோற்றார்! பின்னாளில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தேர்வுச் சுற்றுகளிற் பலமுறை ஆடியவர் இந்தப் போர்ட்டிஷ் என்பதையும் நினைவிற் கொள்க.

எனினும், அவ்வெற்றிகளினும் பெரிதாக நான் மதிப்பது வேறொன்று. நம் வாவிக்கரை ஊர்களிலே மணலிற் கோடு கீறி நாயும் புலியும் ஆடியவர்கள் இதை அறிவார்கள்: எதிரில் இருப்பவன் கெட்டிக்காரனாக இல்லாவிட்டால் நம் ஆட்டமும் வளராது. இந்தியாவின் இரண்டாவது சர்வதேச மாஸ்டராக இரவிக்குமார் வந்தது 1978இலேதான். பதினேழு ஆண்டுகள்! அத்தனை காலம் ஒருவர் தனித்து நிற்பது பெருமையா, தண்டனையா?

ஆரோன் வாளாவிருக்கவில்லை. 1972இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில், மிகயில் தால் என்னும் பெருவீரரின் பெயரால் ஒரு கழகம் அமைய முன்னின்றார். நூல்கள் கிடைத்தன, ஆடுவதற்கு ஆட்களும் கிடைத்தனர். அங்கே வந்து காய் நகர்த்திய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட் மாஸ்டரானார். 2000இல் உலகச் சாம்பியனும் ஆனார். 2014இலே ஆரோன் இன்னொருவருடன் சேர்ந்து இந்தியச் சதுரங்க வரலாற்றையும் நூலாக்கி வெளியிட்டார்.

2024 செப்டெம்பரில் நடந்த ஒலிம்பியாட்டில் ஆடவர் அணி, மகளிர் அணி இரண்டுக்குமே இந்தியா தங்கம் வென்றது. சென்னை இளைஞர் குகேஷ், பிரக்ஞானந்தா, அவர் தமக்கை வைஷாலி ஆகியோர் அவ்வணிகளில் ஆடினர். போட்டி நடந்த நகரம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்.