மூளையலை இசை

மூளையலை இசை: மனித மூளையில் இடைவிடாது எழும் நுண்ணிய மின்னலைகளைத் தலையின் மேற்பரப்பில் பொருத்திய மின்வாய்களால் உணர்ந்தெடுத்து, அவற்றைக்கொண்டு இசையைப் பிறப்பிக்கவும் ஆளவும் முயலும் கலை. சங்கீதம், நரம்பியல், கணினியியல் என்னும் மூன்றும் கூடுமிடத்தில் வளர்ந்த இத்துறையின் வரலாறு, மனிதன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தானே எழும் அலையைக் கேட்டதில் தொடங்கி, அவனுடைய இச்சையையே ஸ்வரமாகக் கேட்பதில் வந்து நிற்கிறது.

தோற்றம்: முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் நிகழ்வதை லிவர்ப்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875-ல் அறிவித்தார். ஜெர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர், 1924-ல் மனிதனுடைய மூளையலையை முதன்முதலாகப் பதிவு செய்தும், திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே, 1929-ல், அதனை உலகுக்கு வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருப்பவரிடம் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழுந்து தாழும் அலையே அவர் ஆல்பா எனப் பெயரிட்டது. பலர் ஐயுற்ற இக்கண்டுபிடிப்பை 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் மெய்யென நிலைநாட்டினர். அவ்வலைகளைக் கண்ணால் கண்டதோடு அமையாது, ஒலிபெருக்கியின் வழியே செவியாலும் கேட்டனர்.

மேடையேற்றம்: ஓர் இசைஞர் அவ்வலையைக் கச்சேரி மேடைக்குக் கொணர மேலும் முப்பதாண்டுகள் கழிந்தன. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்வின் லூசியர், பௌதிக விஞ்ஞானி எட்மண்டு டீவன் உதவிய உபகரணங்களைக்கொண்டு, 1965-ல் 'தனிக் கலைஞருக்கான இசை' என்னும் படைப்பை நிகழ்த்தினார். விநாடிக்குப் பத்து அதிர்வென்பது மனிதச் செவிக்கு ஸ்வரமாகக் கேளாத அளவு தாழ்ந்த ஒலியாதலின், அவர் அவ்வலையைப் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிகளுக்குச் செலுத்த, அவற்றின் அதிர்வு முரசுகளையும் தாளக் கருவிகளையும் முழங்கச் செய்தது. கண் திறந்தால் ஆல்பா மறையும். ஒலியை வருவிக்க வேண்டுமென்று முனைந்தாலும் அது நழுவும். ஆகவே கலைஞர் ஒன்றையும் செய்யாதிருப்பதே அப்பிரயோகத்தின் சாதனையாயிற்று. இசைஞர் ரிச்சர்ட் டைட்டல்பாம் மூளையலைகளால் மூக் ஒலியாக்கியை இயக்கியது இதையடுத்துத்தான்.

கணினியின் வருகை: 1973-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையத்தில் விஞ்ஞானி ழாக் விடால் மூளைக்கும் கணினிக்கும் நேர்முகமான தொடர்பு ஏற்படுத்தும் திட்டத்தை வகுத்து, மூளை-கணினி இடைமுகம் என்னும் பெயரையும் வழங்கினார். டேவிட் ரோசன்பூம், தாம் 1976-77-ல் இயற்றிய படைப்பில், கேட்பவரின் கவனம் திரும்பும் கணத்தில் மூளையில் எழும் மின்மாற்றத்தைக் கணினி கண்டறிந்து இசையின் அமைப்பையே மாற்றும்படி செய்தார். வெறும் அலையாக இருந்தது இங்ஙனம் கவனத்தின் சுவடாயிற்று.

ஆராய்ச்சி: பிரேசிலில் பிறந்த இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இதனைத் தனித் துறையாகவே வளர்த்து, மூளை-கணினி இசை இடைமுகம் என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர் நரம்பியலுக்கும் சங்கீதத்துக்கும் ஒருங்கே கடமைப்பட்டவர். தலைத்தோலை எட்டும் மூளையலை ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கே; கண் சிமிட்டலும் தாடையசைவும் அதனினும் பெரிய மின்குறிகளை எழுப்பும். அவற்றைப் பிரித்தறியாவிடில், இசைப்பது மூளையா இமையா என்று சொல்ல இயலாது. பிரித்தறிந்தபின் எஞ்சுவது இசையாகாவிடில், அவ்வுழைப்பு அளவீடாக மட்டுமே நின்றுவிடும்.

2023-ல் வெளியான கலிபோர்னியா விஞ்ஞானிகளின் ஆய்வு, மூளையால் இசையைப் பிறப்பிக்காமல், கேட்ட இசையை மூளையிலிருந்து மீட்கும் எதிர்த்திசையில் சென்றது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையிலேயே மின்வாய்கள் பொருத்தப்பெற்ற 29 நோயாளிகள் பிங்க் பிளாய்டு குழுவின் பாடலொன்றைக் கேட்கையில் பதிவான மின்குறிகளிலிருந்து, அப்பாடலை அடையாளம் காணத்தக்க அளவிற்கு அவ்விஞ்ஞானிகள் மீட்டெடுத்தனர்.

மருத்துவப் பயன்: மிராண்டாவின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் நோக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது. லண்டனின் பட்னிப் பகுதியிலுள்ள நரம்பியல் மருத்துவமனையில், பக்கவாதத்தால் உடல் ஏறக்குறைய முழுதும் செயலிழந்தும் அறிவு தெளிந்திருந்த நோயாளி ஒருவர் முன், வெவ்வேறு வேகத்தில் மின்னும் நான்கு குறிகள் திரையில் வைக்கப்பட்டன. எக்குறியை ஒருவர் ஊன்றி நோக்குகிறாரோ அதன் துடிப்பே மூளையின் பார்வைப் பகுதியிலும் எழும். அதனைக் கணினி அறிந்து, அக்குறிக்குரிய இசையை ஒலிக்கும். கவனம் மிகுவதும் குறைவதும் ஸ்வரங்களை மாற்றும். அந்நோயாளி விரைவிலேயே இதனைக் கைவரப்பெற்றார். பின்னர் அங்குள்ள நோயாளிகள் நால்வர் இவ்வாறே தெரிவு செய்த இசைப் பகுதிகளை, நரம்பு வாத்தியக் கலைஞர் நால்வர் அப்பொழுதே திரையில் பார்த்து வாசித்தனர்.

கைகால் நலமாயிருந்த லூசியர் தம் மூளையலை ஒலிக்கவேண்டித் தம் இச்சையை அடக்கி அமர்ந்திருந்தார். பட்னியின் நோயாளிக்கோ இச்சையன்றி வேறு கருவி இருக்கவில்லை. அந்த இச்சையே இசைக்குப் போதுமென்று காட்டியதுதான் இத்துறையின் இதுகாறுமான பெரும்பேறு.