நச்சுமுறியின் வரலாறும் ஈழத்தின் தேவையும்

மன்னார் உள்ளிட்ட வடபகுதியின் வறண்ட கரையோரங்கள் சுருட்டை விரியனின் வாழிடங்களாகும். ஓலைத்தொடுவாய் போன்றதொரு கிராமத்தில் பாம்பு தீண்டியவருக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் நச்சுமுறி, நெடுங்காலமாகக் கடலுக்கு அப்பால் இந்தியாவிலிருந்தே வந்துள்ளது. இந்நிலைமையின் வரலாறு நோக்கற்பாலது.

1890ஆம் ஆண்டில் பேர்லினில் பேரிங், கித்தசாத்தோ ஆகிய இருவரும், ஏற்புவலி நஞ்சைப் பழக்கிய விலங்கின் குருதிநீர்ப்பாயம் பிறிதொரு விலங்கையும் காக்கும் எனக் காட்டினர். இக்காப்புக்குக் காரணமான பொருளே பிறபொருளெதிரி. அந்நியப் புரதமொன்றைச் சிறிது சிறிதாக விலங்கின் உடலிற் செலுத்தி, அதன் குருதியிலிருந்து இதனைப் பெறலாம். தவளையின் புரதத்தை முயலுக்குச் செலுத்திப் பெறும் பிறபொருளெதிரியைக் கொண்டு, தவளை முளையத்தில் அப்புரதம் எங்குள்ளது என ஆய்வாளர் அறிவதும் இம்முறையாலேயே.

பிரெஞ்சு மருத்துவரான கல்மெத் 1890களில் நாகநஞ்சுக்கு எதிரான நீர்ப்பாயத்தை உருவாக்கினார். அது எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என அவர் நம்பினார். ஆயின், நாகத்துக்கான நீர்ப்பாயம் விரியன் நஞ்சை அடக்காது என்பதை இந்தியாவில் ஜோர்ஜ் லாம்ப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புலப்படுத்தினார். எந்தப் பாம்பின் நஞ்சு செலுத்தப்பட்டதோ, அதற்கே மருந்து கிடைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்திய நச்சுமுறிக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை வழங்கியோர் தமிழ்நாட்டின் இருளர் ஆவர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பாம்புத்தோல் வணிகம் ஒடுங்க, பிழைப்பிழந்த அவர்கள் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் எடுக்கப்பட்டு, மருந்து உற்பத்தியாளரால் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது.

இங்குதான் ஈழத்தின் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒரே இனப் பாம்பாயினும் இடத்துக்கிடம் நஞ்சு வேறுபடும். மேலும், இலங்கையில் மிகுதியாகத் தீண்டுவதும் சிலவேளை சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரைப் பறிப்பதுமாகிய, சிங்களத்தில் ‘குனகட்டுவா’ எனப்படும் விரியன் இந்நான்கினுள் அடங்காது. குதிரையின் புரதமும் மனித உடலுக்கு அந்நியமே. ஆதலின் மருந்தே கடும் ஒவ்வாமையை விளைப்பதுண்டு. மருந்துக்கு முன் சிறிதளவு அதிரினலின் கொடுப்பது இதனைக் குறைக்கும் என, இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் கொஸ்தாரிக்கா நாட்டு அறிஞரும் இணைந்து, குனகட்டுவாவின் நஞ்சையும் சேர்த்து, இலங்கைப் பாம்புகளின் நஞ்சாலேயே ஆக்கிய நச்சுமுறியின் சோதனை முடிவுகள் 2016இல் வெளிவந்தன. லாம்ப் கண்ட உண்மைக்கு ஒரு நூற்றாண்டின் பின் இந்நாடு அளித்த விடை அதுவாகும். அவ்விடை ஆய்வுக்கூடத்தில் நின்றுவிடாது, கரையோரக் கிராமத்து ஏழைத் தொழிலாளியின் படுக்கை வரை செல்லும்போதே முழுமைபெறும்.