முள்வேலிக்கு வெளியே – 7: ஒரு கடிதம், ஒரு கைதட்டல்

மான்செஸ்டர், 1949 அக்டோபர். சுமார் 20,000 பேர் திரண்டு கோஷமிட்டுக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அத்தனை கோபமும் இளைஞர் ஒருவர் மீது. பெயர் பெர்ட் டிராட்மன். மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி அவரை கோல்கீப்பராகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

கோபம் நியாயமானதுதான். ஹிட்லரின் பாராசூட் படையில் இருந்தவர் அவர். ரஷ்யப் போர்முனையில் சண்டையிட்டு இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். மான்செஸ்டரோ ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்த ஊர். யூதர்கள் பெருமளவில் வாழும் ஊரும்கூட.

1945இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட டிராட்மன், லங்காஷயரில் ஒரு கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். முகாம் ஆட்டம் ஒன்றில் காலில் அடிபட, கோல்கீப்பரோடு இடம் மாறிக்கொண்டார். அன்று கோல் கம்பத்தடியில் நின்றவர் அங்கேயே நிலைத்துவிட்டார். 1948இல் விடுதலை கிடைத்தும் ஊர் திரும்பவில்லை. அவரைப் போல சுமார் 24,000 ஜெர்மன் கைதிகள் பிரிட்டனிலேயே தங்கி வாழ்ந்தார்கள்.

மான்செஸ்டரில் திரண்ட அந்தக் கூட்டத்தின் கோபத்தைத் தணித்தது யார்?

அலெக்ஸாண்டர் ஆல்ட்மன். மான்செஸ்டர் யூதர்களின் மதகுரு. 1938இல் பெர்லினிலிருந்து தப்பி வந்தவர். பெற்றோரை நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு தேசம் செய்த பாவத்துக்குத் தனி ஒருவரைத் தண்டிக்காதீர்கள் என்பதே அதன் சாரம். சபிக்க எல்லா உரிமையும் உள்ள ஒருவர் பொறுமை கேட்டபோது, ஊர் காதுகொடுத்தது.

1950 ஜனவரி. லண்டனில் ஃபுல்ஹாம் அணியுடன் ஆட்டம். ஆரம்பம் முதலே 'நாஜி' என்று கூச்சல். டிராட்மன் பந்துக்கு மேல் பந்தாகப் பாய்ந்து தடுத்தார். ஒரே ஒரு கோலில் சிட்டி தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் வெளியேற நடந்தபோது, இரு அணி வீரர்களும் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஏசிய கூட்டமும் எழுந்து நின்று தட்டியது.

பகையைக் கரைக்க உடன்படிக்கைகள் மட்டும் போதாது. ஆல்ட்மனின் பேனாவும் அந்தக் கைதட்டலும் செய்த வேலை பெரிது.

1956 மே 5, வெம்பிளி மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி. முடிய 17 நிமிடம்தான் பாக்கி. பர்மிங்காம் வீரர் பீட்டர் மர்ஃபியின் காலடியில் டிராட்மன் பாய்கிறார். மோதல். மயங்கி விழுகிறார். அன்றைய விதிப்படி மாற்று ஆட்டக்காரர் கிடையாது. கழுத்தைப் பிடித்தபடி தள்ளாடி எழுகிறார்.

அந்தக் கழுத்தெலும்பு முறிந்திருப்பது அவருக்கோ மைதானத்தில் வேறு யாருக்குமோ தெரியாது.

(தொடரும்)