இரண்டு தட்டுப்பாடு, ஒரே எஞ்சின்: மினி கூப்பரும் மண்ணெண்ணெய் மொறிஸ் மைனரும்

1956 எண்டதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது தனிச்சிங்களச் சட்டம். அதில் பிழையில்லை. ஆனால் அதே ஆண்டு யூலை 26ஆம் திகதி எகிப்தின் தலைவர் நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். அந்த அறிவிப்பின் தொடர்ச்சியாக ஒரு சின்னக் கார் பிறந்தது. அந்தக் காரின் எஞ்சினும், 1990களில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போன மொறிஸ் மைனர்களின் எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எரிபொருள் சேமிப்பு எண்டது மெக்கானிக் வேலை மட்டும் இல்லை, வரலாறும்தான் எண்டு விளங்கும்.

முதலில் சுயஸ். அந்தக் காலத்தில் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்தது. 1956 ஒக்டோபர் கடைசியில் இஸ்ரேலும், அதைத் தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. சிரியாவுக்குள்ளால் வந்த எண்ணெய்க் குழாய்ப் பாதையும் தகர்க்கப்பட்டது. டிசம்பர் 17ஆம் திகதி பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு தொடங்கி, அடுத்த ஆண்டு மே 14 வரை நீடித்தது. ஐந்து மாதம்.

கார் வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் மழை பொய்த்த கதை மாதிரித்தான் சொல்லும். “அந்த ஆண்டு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது” எண்டு ஒரு வரி. ஆனால் தட்டுப்பாடு வானத்திலிருந்து விழவில்லை. இன்னொரு நாட்டின் கால்வாயைப் படை அனுப்பிப் பிடிக்கப் போனதன் விலை அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பங்கீடு வந்ததும் ஆட்கள் கையிலிருந்த பெற்றோலில் கூடுதல் தூரம் போகிற வண்டியைத் தேடினார்கள். ஜேர்மனியிலிருந்து வந்த மூன்று சில்லு, நான்கு சில்லுக் குட்டி வண்டிகள் வீதியில் பெருகின. குமிழி மாதிரி இருந்ததால் அவற்றைக் குமிழிக் கார் எண்டே அழைத்தார்கள். பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லெனார்ட் லோர்ட்டுக்கு இந்த வண்டிகளைக் கண்ணிலும் காட்டேலாது. 1957 மார்ச்சில் தன் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, இவற்றை வீதியிலிருந்து துரத்துகிற மாதிரி உண்மையான ஒரு சின்னக் கார் செய்யச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்: எஞ்சின் புதிதாகச் செய்யக்கூடாது, கம்பனியிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் பாவிக்க வேண்டும்.

அந்த வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில், கிரேக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1922இல் அந்த நகரைப் போர் விழுங்கியபோது கப்பலில் ஏற்றப்பட்டு மோல்ட்டாவுக்குப் போன அகதி. பிறகு தாயுடன் இங்கிலாந்து வந்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் கார் 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர். ஓம், எங்கட ஊரில் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய அதே மொறிஸ் மைனர்தான்.

லோர்ட் கேட்ட காருக்கு இஸிகோனிஸ் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். ஆக்கள் இருக்க எவ்வளவு இடம் வேணும் எண்டு முதலில் பார்த்தார். மிச்சத்துக்குள்தான் இயந்திரம் அடங்க வேண்டும். அதனால் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்குக் கீழேயே ஒட்டி, இரண்டுக்கும் ஒரே எண்ணெய் போதும் எண்டு செய்தார். முன்சில்லுகளே காரை இழுத்தன. சில்லின் விட்டம் 10 அங்குலம். ஸ்பிரிங் தகட்டுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த இறப்பர்க் கூம்புகள். காரின் மொத்த நீளம் 3 மீற்றரைச் சற்றே தாண்டியது. நான்கு பெரியவர்கள் இருக்கலாம். எடை ஏறத்தாழ 600 கிலோ. எஞ்சின் 848 சிசி, வலு 34 குதிரை. 1959 ஓகஸ்ட் 26இல் 500 பவுணுக்குச் சற்றுக் குறைந்த விலையில் மினி வெளிவந்தது. ஒரு கலனுக்கு 40 மைல் அளவில் ஓடியது. எங்கட கணக்கில் லீற்றருக்கு 14 கிலோமீற்றர்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நின்ற காரை ஓடவைக்கச் செலவாகும் எரிபொருள் அதன் எடையைப் பொறுத்தது. பிறேக் பிடிக்கும்போது அந்தச் செலவு சூடாகிக் காற்றோடு போய்விடும். திரும்ப ஓடவைக்கத் திரும்பவும் எரிபொருள் வேண்டும். பட்டணத்தில் ஒவ்வொரு சந்தியிலும் இது நடக்கிறது. எடை பாதியானால் அந்த வீண்செலவும் ஏறத்தாழப் பாதியாகும். மினியின் சிக்கனம் பெரும்பாலும் அதன் எடையில்தான் இருந்தது.

ஆனால் அந்த எடைக்குறைவு இன்னொரு கதையையும் தொடக்கிவிட்டது. சில்லுகள் நான்கு மூலையிலும், உடம்பு நிலத்தோடு ஒட்டி, எடையும் குறைவு. வளைவில் திருப்பினால் கார் அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பியது. இதைக் கண்டுகொண்டவர் ஜோன் கூப்பர். அவருடைய சிறிய நிறுவனம் 1959இலும் 1960இலும் போர்முலா 1 தயாரிப்பாளர் பட்டத்தை வென்றிருந்தது. ஏழை எளியவர்களின் காராக மினியை நினைத்திருந்த இஸிகோனிஸுக்கு அதைப் பந்தயக் கார் ஆக்குவதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. எண்டாலும் 1961இல் மினி கூப்பர் வந்தது: 997 சிசி, இரண்டு காபரேற்றர், 55 குதிரை வலு, முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக். 1964இல் பாடி ஹொப்கேர்க் ஓட்டிய கூப்பர் எஸ் மொன்ரே கார்லோ றலியை வென்றது. 1965இலும் 1967இலும் திரும்ப வென்றது. பெரிய எஞ்சின் வைத்த கார்கள் பின்னால் வந்தன.

பெரிய கார் நேர்வீதியில் வேகம் எடுக்கும், வளைவுக்கு வந்ததும் அதையெல்லாம் பிறேக்கில் கொட்டிவிடும். மினிக்கு அவ்வளவு கொட்ட வேண்டியிருக்கவில்லை. எடுத்த வேகத்தை வளைவுக்குள்ளும் கொண்டுபோனது. எடுத்த வேகத்தை வீணாக்காதே எண்டதுதான் எரிபொருள் சேமிக்க நினைக்கிற சாரதிக்கும் முதல் விதி. பந்தயக்காரர் பிறேக்கைக் கடைசி நொடியில் பிடிப்பார், சிக்கனக்காரர் தூரத்திலேயே சிவப்பு விளக்கைக் கண்டு காலை எடுப்பார். வித்தியாசம் அவ்வளவுதான். சின்னதும் துடிப்பானதுமான கார் வைத்திருப்பவர்கள் “வேகமா, சிக்கனமா” எண்டு சண்டை பிடிப்பார்கள். வரலாற்றில் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

எங்கட தலைமுறைக்கு இந்தக் கணக்கை 2022 படிப்பித்தது. யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அடுத்த நாட்களில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை. பிறகு கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடினால் 20 லீற்றரில் 280 கிலோமீற்றர். அதே காரை அடிச்சு ஓட்டி, லீற்றருக்கு 10 ஆக்கினால் 200. கார் மாறவில்லை, பாதை மாறவில்லை, 80 கிலோமீற்றர் காணாமல் போய்விட்டது. அது வலது காலுக்குள் போன பெற்றோல்.

அந்த நாட்களில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவற்றில் உறுதியானவை சில. ரயருக்குக் காற்றுச் சரியாக இருக்க வேண்டும், மென்மையான ரயர் உருளுவதற்கே எரிபொருள் தின்னும். எஞ்சினை இரைய விடாமல் நேரத்தோடு மேல் கியருக்குப் போக வேண்டும். கூரையில் சும்மா கிடக்கிற கரியரைக் கழற்ற வேண்டும். காத்து நிற்கும்போது எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். இறக்கத்தில் நியூற்றலில் விடு எண்ட பழைய அறிவுரையை மட்டும் தூக்கி எறியலாம். காபரேற்றர் காலத்தில் கியரில் இறங்கினாலும் எஞ்சின் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. இன்றைய இன்ஜெக்சன் எஞ்சினில், கியரில் இருக்க அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூற்றலில் போட்டால்தான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்கப் பெற்றோல் செலவாகும். அதோடு எஞ்சினின் பிடியும் போய், பிறேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டி வரும்.

ஆனால் 20 லீற்றரைப் பற்றி நாங்கள் புலம்பும்போது வீட்டிலுள்ள பெரியாக்கள் சிரித்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்தது வேற தட்டுப்பாடு.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எண்டு தடைப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடும் கொள்ளை விலையோடும் கிடைத்தது. சைக்கிள்தான் குடாநாட்டின் வாகனமானது. ஆனால் நோயாளியை, பிள்ளைத்தாச்சியை, பிரேதத்தைக் கொண்டுபோகக் கார் வேண்டும். அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின.

எப்படி ஓடின? கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல். இது ஏன் அந்தப் பழைய கார்களில் சாத்தியமானது எண்டதற்குக் காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. எஞ்சின் அதை அதிகம் அமுக்கினால் நேரகாலத்துக்கு முந்தி வெடித்துத் தட்டும். 1940களிலும் 50களிலும் செய்த எஞ்சின்கள் குறைவாகவே அமுக்கின. 1952இலிருந்து மொறிஸ் மைனருக்குள் வந்த ஏ வரிசை எஞ்சின் அந்த வகை. லோர்ட்டின் நிபந்தனைப்படி மினிக்குள் போனதும், கூப்பர் முறுக்கேற்றி மொன்ரே கார்லோவுக்குக் கொண்டுபோனதும் அதே ஏ வரிசைதான்.

இந்த அறிவு திடீரென்று வந்ததும் இல்லை. பிரித்தானியாவில் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் கிளம்பி, சூடானதும் மலிவான மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடியிருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் பழகின சாமான். கிணற்றடியில் இருந்த அறிவு கராஜுக்கு வந்தது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

இந்த இடத்தில் “பார்த்தியா, எங்கட ஆக்களின்ர மூளை” எண்டு நெஞ்சை நிமிர்த்தி முடிக்க ஆசையாகத்தான் இருக்கும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்றது. எரியாமல் மிஞ்சியது கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும். புகை மூச்சை அடைக்கும். வழியில் நின்றால் உள்ளே கிடக்கிற நோயாளியின் நிலை? கெட்டித்தனத்தைப் புகழ்ந்துகொண்டே போனால், அந்தக் கெட்டித்தனம் ஏன் தேவைப்பட்டது எண்ட கேள்வி மறைந்துபோகும். மினியின் கதையில் எகிப்து மறைந்துபோனது மாதிரி.

ஆனால் மறந்துவிடுவதும் தீர்வில்லை. இரண்டு தட்டுப்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒன்று, தாக்கப் போன நாட்டில் ஐந்து மாதம் நடந்தது. அதன் பிள்ளையான மினி 2000ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. ஹொப்கேர்க் ஓட்டிய கார் இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. மற்றது, தண்டனையாக ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் இறக்கப்பட்டது. அந்தக் கார்களில் கனக்க இரும்புக்குப் போய்விட்டன. அவற்றை ஓடவைத்த கைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் கல்வெட்டும் செப்பேடும் வாசிக்கப் பழகுகிறோம். நல்லது. காபரேற்றரும் ஒரு ஆவணம்தான். எங்கள் ஊர்களில் பழைய கராஜ்காரர், வாடகைக் கார் ஓட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம். கிளப்ப எவ்வளவு பெற்றோல் விட்டீர்கள்? அது எங்கிருந்து வந்தது, என்ன விலை? மண்ணெண்ணெயில் வேறென்ன கலந்தீர்கள்? ஆஸ்பத்திரிக்கு எத்தனை தரம் ஓடினீர்கள், காசில்லாதவர்களை ஏற்றினீர்களா, நேரத்துக்குப் போய்ச் சேராதவர்கள் யார்? பின்சீற்றில் வலியோடு இருந்த பெண்களிடமும் கேட்கலாம். அவர்களிடம் இருக்கும் கதை எஞ்சினைப் பற்றியதாக இருக்காது.

கையில் போன் இருக்கிறது, ஒலிப்பதிவுக்கு அது போதும். பெயரும் திகதியும் ஊரும் சேர்த்துப் பதியுங்கோ. அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.