மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. மருத்துவமனைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மூடிக்கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்த வரலாறு அது.

ஆண் மருத்துவர் முன் வரக் கூசிய பெண்கள் பேறுகாலத்தில் சிகிச்சையின்றி மாண்ட காலம் ஒன்று இருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பெண்கள் நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். அவர் முயற்சியால் 1885இல் கோஷா மருத்துவமனை தோன்றியது. திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவேயாகும். முதற்கதவு இவ்வாறு திறந்தது.

1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மருந்து மட்டும் போதாது என்பதை உணர்ந்தார். புகலற்ற பெண்களுக்காக 1930இல் ஔவை இல்லத்தை நிறுவினார். அடையாற்றில் அது இன்றும் நிலவுகிறது. மருத்துவரே புகலிடமும் அமைத்தார் என்பதை நீங்கள் மறத்தல் ஆகாது. தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்குகிறது.

மூன்றாவது கதவு ஒன்று உண்டு. கருவுற்ற பெண்ணின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் தவறாது பார்க்கின்றார். ஆயின், வீட்டில் அவள் அடிபடுகின்றாளா என்பதைக் கருவி எதுவும் காட்டாது. அவ்வடியால் கருச்சிதைவும் குறைப்பேறும் நேரலாம். இரண்டு உயிர்கள் இடருறும். அவளாகச் சொல்லவும் மாட்டாள். கணவனோ மாமியாரோ அருகில் நிற்கும்போது எவ்வாறு சொல்வாள்? ஆகவே, அவளைத் தனியே அழைத்து, கனிவுடன் கேட்டல் வேண்டும்.

2000ஆம் ஆண்டில் மும்பை பாந்திராவிலுள்ள பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் 'சேஹத்' என்னும் ஆய்வு நிறுவனமும் இணைந்து 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. திலாசா என்றால் ஆறுதல் என்பது பொருள். அங்கே மருத்துவமனை ஊழியர்களே துயருறும் பெண்களை இனங்கண்டு, ஆலோசனைக்கு அனுப்பப் பயிற்சி பெற்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது. எல்லாப் பெண்களிடமும் எந்திரம்போல் வினவுதல் கூடாது. பயிற்சியும், தனிமையும், இரகசியக் காப்பும், உதவிக்கு அனுப்பும் வழியும் அமைந்த பின்னரே பேறுகாலப் பரிசோதனையில் கேட்கலாம் என்பது அதன் கருத்து. புகலிடம் காட்டாத கேள்வி அவளுக்குத் தீங்காகவும் முடியலாமன்றோ?

நம் நாட்டில் 2005இல் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்காகக் கோரப்படும் மருத்துவ உதவியை மருத்துவமனை அளித்தே ஆக வேண்டும் என்று அது விதிக்கிறது. 181 என்ற தொலைபேசி எண்ணும் அவளுக்கு உதவக் காத்திருக்கிறது.

தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்து வருதல் நம் வழக்கம். அங்கே தாய் கேட்பாள். மகள் மனந்திறந்து சொல்வாள். தாய்வீடு இல்லாதவளுக்கு யார் கேட்பது? நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம். அப்போது அவள் தாயின் இடத்திலிருந்து கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.